பல்லிறக்கிய மெசின்

அறுபத்திரண்டு வயதில் ஊசியில் நூல் கோப்பது, பக்கத்து வீட்டுச் சண்டையை வேலிக்கு இப்பால் நின்று விளங்கிக்கொள்வதைவிடக் கடினமானது. இரண்டையும் செய்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். தலைமன்னார் பஸ்ஸிலிருந்து யார் இறங்குகிறார், முகம் ஏன் வாடியிருக்கிறது என்பதெல்லாம் என் வாசல் படலையிலிருந்தே தெரியும். ஊசியின் கண் மட்டும் தெரியாது.

அடுத்த வீட்டுக் கிருஷிகா தையல் வகுப்புத் தொடங்கியபோது, உள்ளே என்ன கதை ஓடுகிறது என்று அறியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கழுதை பூக்கன்றைத் தின்கிறதா என்று பார்க்கிற சாக்கில் எத்தனை நாள் வேலியோடு நிற்பது? பிரான்சிலிருக்கும் மகனை நச்சரித்து ஒரு கரண்ட் தையல் மெசின் எடுப்பித்துக்கொண்டு நானும் போய்ச் சேர்ந்தேன்.

அவள் சொல்லிக்கொடுத்தது மெத்தைத் தையல். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சை விரித்து மூன்றையும் சேர்த்துத் தைப்பது. சாதாரணத் தையலில் மெசினின் அடிப்பற்கள் துணியைக் கடித்து நேராக இழுத்துப் போகும். இதில் அந்தப் பற்களைக் கீழே இறக்கிவிட வேண்டும். பிறகு துணி உங்கள் விரல்களின் சொல்லை மட்டும்தான் கேட்கும். வேகம் காலில், வழி கையில். கடிவாளமில்லாமல் போகிற போக்கில் போகலாம் என்று கேட்டதும், இது எனக்கென்றே வந்த வேலை என்று நினைத்தேன். என் நாக்கு இத்தனை வருடமும் அப்படித்தானே போகிறது.

நான் முதலில் தைத்த அலையை என் வீட்டுக்காரர் கொன்ஸ்ரன்ரைன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உது என்ன, நண்டு ஓடின வழியோ?"

"அலை."

"அப்ப நண்டு அலைக்குள்ளை ஓடியிருக்கு."

மூன்று நாள் அவருக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை. நான் சின்ன விடயங்களை மனதில் வைத்திருப்பவள் அல்ல.

அந்த ஆண்டு கிருஷிகாவின் கணவன் றெனால்ட் காய்ச்சலில் சாகக் கிடந்து எழும்பினான். அதற்கு அவள் வைத்த நேர்த்தி ஊருக்கே தெரியும். திருநாளன்று கோயிலில் புனிதரின் சுருவத்தை வைக்கிற கூட்டின் அடியில் விரிக்கிற விரிப்பை, முழுக்கத் தன் கையாலேயே தைத்துக் கொடுப்பது. ஊருக்குத் தெரியப்படுத்தியதே நான்தான்.

மாதர் சங்கத் தலைவி அருளம்மா, விரிப்பின் மாதிரியைப் பார்க்க வந்தாள். கிருஷிகா தைத்த மீன்கள் துணிக்குள் நீந்தின. கேட்காமலே நானும் ஒரு மீனை நீட்டினேன்.

"எடித்தக்கா, செருப்பு வடிவாயிருக்கு," என்றாள் அருளம்மா. "மற்றக் காலுக்கும் ஒண்டு தைச்சால் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு வரலாம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கிருஷிகா மட்டும் சிரிக்கவில்லை.

"அன்ரி, ஒரு மூலையிலை உங்கடை மீனும் இருக்கட்டும். நேர்த்தி குறையாது," என்றாள்.

நானே நாலு பேரைப் பார்த்து இரக்கப்பட்டுப் பழகியவள். என்னைப் பார்த்து ஒருத்தி இரக்கப்படுவது புது அனுபவம். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருந்தால், இன்று அவள் விரல் மடங்கும்.

விரிப்பு பெரிது என்பதால் எங்கள் சாப்பாட்டு மேசையில் என் மெசினை வைத்தோம். என் மூலைக்கு நான் உட்கார்ந்தேன். எனக்குக் காலும் கையும் ஒத்துப்போகாது. நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் கிருஷிகா குனிந்து, ஊசிக்கடியில் விரலை வைத்துக் கோத்துத் தருவாள். வகுப்பில் அவள் விடாப்பிடியாகச் சொல்கிற சட்டம் ஒன்று உண்டு. இன்னொருவர் கை ஊசியடியில் இருந்தால், தைப்பவரின் கால் மிதியில் இருக்கக் கூடாது.

"காலை எடுத்திட்டீங்களோ அன்ரி?"

"எடுத்திட்டன் பிள்ளை."

இப்படிப் பல தடவை கேட்டாள், பல தடவை சொன்னேன். கடைசித் தடவையும் அதே குரலில்தான் சொன்னேன்.

ஊசி சுட்டுவிரலுக்குள் முறிந்தது. நான்தான் ஓட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க அவளுடைய மற்றக் கையைப் பிடித்திருந்தேன். "அன்ரி, விரிப்பிலை இரத்தம் பட்டிட்டுது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்று அழுதாள். மன்னித்தேன். பின்னேரத்துக்குள், பிள்ளை கதை கேட்டுக்கொண்டே கவனமில்லாமல் கையை வைத்துவிட்டாள் என்ற செய்தி அடம்பன் ஊர் வரை போய்விட்டது. செய்தி கொண்டுபோவதில் எனக்கு நூல் அறுவதில்லை.

காயம் சீழ் பிடித்தது. விரல் விறைத்தது. மடங்காத விரலால் இந்தத் தையலில் துணியைத் திருப்ப முடியாது.

"இனி ஆர் தைக்கிறது?" என்றாள் அருளம்மா. மரியாதைக்கு ஒரு தடவை மறுத்துவிட்டு ஒப்புக்கொண்டேன். இரத்தம் பட்ட இடத்தில் ஒரு மீனைத் தைத்து மூடினேன். இன்றுவரை நான் தைத்ததில் மீன்போல இருப்பது அது ஒன்றுதான்.

கால் வழுக்கியதா என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வழுக்கவில்லை. மறக்கவும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை மிதியில் வைத்து, அவள் விரல் சரியாக ஊசியடிக்கு வரும்வரை காத்திருந்து அழுத்தினேன். என் காலும் கையும் முதன்முதலாக ஒத்துப்போனது அப்போதுதான்.

கட்டு அவிழ்த்த கையோடு கிருஷிகா வந்தாள்.

"நூலை நானே கோத்துத் தாறன் அன்ரி. அந்தளவாவது என்ரை கையாலை நடந்த நேர்த்தியாய் இருக்கட்டும்."

அன்றிலிருந்து தினமும் வருகிறாள். எனக்கு இன்னும் நூல் அறுகிறது. அறும்போதெல்லாம் எழுந்து வந்து குனிந்து, இடக்கையால் மெல்ல மெல்லக் கோக்கிறாள். காலை எடுத்தேனா என்று இப்போது கேட்பதே இல்லை. அவ்வளவு நம்பிக்கை. ஒன்றே ஒன்றுதான் புதிது. ஊசியடியில் கையை வைக்குமுன், சுவருக்குப் போய் மெசினின் பிளக்கைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொள்கிறாள். என் வீட்டுக் கரண்ட் வீணாகிறதே என்று இவ்வளவு கவலைப்படுகிற பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை.