பிளேட்டைப் போட்டுக்கொண்டு திட்டு

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, பாதிரியார் அவர்களே, முதல் வரிசையில் பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் கெர்டாவின் கணவர் ஹென்னிங் அவர்களே, ஆர்ஹூஸ் நகரின் இந்த நவம்பர் மழையில் பிள்ளைகளையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் பிரெபென். டாக்டர் கெர்டா ஹோல்ம்ஸ்கோவ் அவர்களுக்குப் பக்கத்து அறையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகப் பல் சீரமைப்பு பார்ப்பவன். போன வியாழக்கிழமை காலை, வேலைக்கு வரும் வழியில், சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாக நின்ற அந்த அம்மையார் அப்படியே சரிந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது. அன்று அவர் பார்க்கவேண்டிய முதல் குழந்தை வந்து காத்திருந்தது. நாங்கள் வழக்கம்போல அவருக்கும் சேர்த்துக் காபி போட்டு வைத்திருந்தோம்.

அன்பர்களே! பல்லை நேராக்க எத்தனையோ பேர் இருக்கிறோம். தாடை மூட்டில் வாதம் வந்த குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்க யார் இருந்தார்கள்? முழங்கால் வீங்கினால் குழந்தை நொண்டும், அம்மா பார்த்துவிடுவாள். மணிக்கட்டு வீங்கினால் பென்சில் நழுவும், டீச்சர் பார்த்துவிடுவார். காதுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்ன மூட்டு வீங்கினால்? பல பிள்ளைகளுக்கு வலிப்பதே இல்லையே! சத்தமில்லாமல் எலும்பை அரிக்கும். அந்தப் பக்கத் தாடை வளர மறுக்கும். முகம் கோணிய பிறகுதான் வீட்டுக்கே தெரியும்.

கெர்டா என்ன செய்தார்? வாயைத் திற என்றாரா? இல்லை. "டப்பாவைத் தொற, சேர்ந்து சாப்பிடலாம்" என்றார்!

இதோ இங்கே உட்கார்ந்திருக்கும் சிறுமி அஸ்டா முதன்முதலில் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. முழங்காலைப் பார்த்த மூட்டு மருத்துவர்கள் தாடையையும் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளுடைய அப்பா ட்ரோல்ஸ் கொஞ்சம் கோபக்காரர். இங்கேதான் இருக்கிறார், மன்னிக்கட்டும்.

"முட்டி வீக்கம்னு வந்தோம். நீங்க என்னடான்னா ரொட்டிய வேடிக்கை பாக்குறீங்க!"

"ஓரத்த யாருங்க வெட்டினது?"

"இவதான். நாக்கு நீளம். கொஞ்ச நாளா ஓரத்தத் தொடுறதேயில்ல."

"ஏன்டி செல்லம்?"

"கறுப்பு ரொட்டி போர். மென்னு மென்னு வாய் அசந்துபோகுது."

நான் சிரித்துவிட்டேன். கெர்டா சிரிக்கவில்லை. அன்றே ஸ்கேனுக்கு எழுதினார். இடது மூட்டு அரித்திருந்தது.

மூட்டு மருத்துவர்கள் மருந்தால் வாதத்தை அடக்கினார்கள். கெர்டா இடப்பக்கம் சற்றே தடித்த ஒரு பிளேட்டைப் பல்மேல் மாட்டினார். சில வாரங்களுக்கு ஒருமுறை அதை மயிரிழை உயர்த்துவார். எலும்பு வளர இடம் விடுவதுதான் வைத்தியம். இரவும் பகலும், சாப்பிடும்போதும் அது வாயிலேயே இருக்க வேண்டும். வளரும் வயது கடந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

எந்தக் குழந்தைக்குப் பிடிக்கும் அது? பேசினால் நாக்கு புரண்டது, வகுப்பே கேலி செய்தது. ஒரு நாள் அதைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து நின்றாள். நான் கண்டிக்க வாயெடுத்தேன். கெர்டா என்னைத் தடுத்தார். புதிதாக ஒன்று செய்து அவள் கையில் கொடுத்தார்.

"என்மேல கோவமா? திட்டு. நல்லா திட்டு. ஆனா இதப் போட்டுக்கிட்டுத் திட்டு."

திட்டினாளே! "நீ ஒரு தூனியக்காரி!" என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"இன்னும் தெளிவா, அஸ்டா. சூ. சூனியக்காரி."

அன்றிலிருந்து வந்ததும் திட்டு, அதுவே பேச்சுப் பயிற்சி. போகும்போது ஒரே கேள்வி. "இத எப்ப கழட்டுவ, கெர்டா?" ஒரே பதில். "முகவாய் நடுவுக்கு வந்ததும் என் கையாலயே கழட்டுவேன்."

அந்தக் கையை எங்கே போய்த் தேடுவேன்!

வாசலில் ட்ரோல்ஸ் என்னிடம் சொன்னார். வியாழக்கிழமையிலிருந்து அஸ்டா பிளேட் போடவில்லையாம். "கெர்டா ஏமாத்திட்டா" என்கிறாளாம். கோட்டுப் பையிலேயே வைத்திருக்கிறாள்.

சபையோரே! வெளியே அரைக்கம்பத்தில் இருக்கும் கொடி, நம் வழக்கப்படி நாம் கிளம்பும்போது உச்சிக்கு ஏறிவிடும். அதோடு நம் கடமை முடிந்துவிடுமா? முடியாது! மூட்டுவாதம் என்று வரும் ஒவ்வொரு பிள்ளையின் டப்பாவையும் நாங்கள் திறப்போம். வெட்டிப்போட்ட ஒவ்வொரு ஓரத்தையும் ஏன் என்று கேட்போம். கெர்டாவின் அறையில் விளக்கு எரியும். இது என் வாக்கு.

இந்த வாக்கு முதலில் உனக்குத்தான், அஸ்டா. அவ உன்ன ஏமாத்தலம்மா. செத்துப்போயிட்டா. ரெண்டும் ஒண்ணில்ல. செவ்வாய்க்கிழமை வா, பிளேட்ட நான் உயர்த்தி விடறேன்.

என்ன? சத்தமாச் சொல்லு.

"உன் கை பெருசு" என்கிறாள். சிரிக்காதீர்கள், உண்மைதான். கெர்டாவின் விரல் போன இடத்தில் என் விரல் தடுமாறும். வலிச்சா கடி, அஸ்டா. கோவம் வந்தா திட்டு. ஆனா...

பொறுங்கள். கோட்டுப் பையில் கையை விடுகிறாள்.

கேட்டீர்களா, ஹென்னிங்? "தூனியக்காரா" என்கிறாள் என்னை! பிளேட்டைச் சில நாள் விட்டதில் நாக்கு மறந்துவிட்டது.

இன்னும் தெளிவா, அஸ்டா.