பக்கவாட்டுக் கதவுக்கு ரெண்டு சாவி

...அது இல்ல தம்பி, பழைய பூட்ட முதல்ல கழட்டுங்க. ஆமா, அதுதான். எப்படித் துரு புடிச்சுக் கெடக்கு பாருங்க! பூட்டினாத்தானே? ராத்திரி போதகர் உள்பக்கம் தாழ்ப்பாள் போடுறதோட சரி. பகல் பூரா இந்தப் பக்கவாட்டுக் கதவு ஆன்னு தொறந்தே கெடக்கும். பஸ்ஸ விட்டவன், மழைக்கு ஒதுங்குறவன், போனுக்கு சார்ஜ் போடுறவன்... எல்லாரும் சொந்த மாமன் வீட்டுக்கு வர்ற மாதிரி வர்றாங்க. ஆங்கிலிக்கன் கோயில்னா ஒரு மரியாதை வேணாமா? போன வாரம் ஒருத்தன், பீடத்துக்கு நேரா நின்னுக்கிட்டு, "அம்மா, பாத்ரூம் எந்தப் பக்கம்?"ங்குறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கை காட்டினேன். வேற என்ன பண்றது? அவசரம்னா அவசரம்தானே.

நீங்க வேலையப் பாருங்க, நான் சும்மா பேசிக்கிட்டு இருக்கேன். கமிட்டி செயலாளர் போன் பண்ணாரு, "பூட்டு மாத்துற வரைக்கும் யாராவது கூட நிக்கணும்"னு. யாரு நிப்பா? நான்தான். எதுக்கெடுத்தாலும் நான்தான். காலைல இந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேக்குறப்போ நான் வாசல்ல நிப்பேன். சாயங்காலம் லைட்ட அணைச்சதுக்கு அப்புறம்தான் போவேன்.

சம்பளமா? எனக்கா? நல்லா கேட்டீங்க போங்க. யாரும் என்னை வரச் சொல்லல. ஆனா இத்தனை பேர் வர்ற எடத்துல கண்காணிக்க ஒரு ஆள் வேணாமா?

என்னென்ன கூத்துன்னு கேளுங்க. ஒரு நாள் கைக்குழந்தைக்காரிங்க. ஒரு நாள், வேலை போனவங்களுக்கு சூப்பும் ரொட்டியும். ஒரு நாள், வீட்ல உக்காந்து படிக்க எடம் இல்லாத பிள்ளைங்க. இது எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடுற மாதிரி, இன்னிக்கு வருவாங்க பாருங்க, குடிய விட்டவங்க கூட்டம்! வட்டமா நாற்காலி போட்டு உக்காந்து, அவங்கவங்க கதைய அவங்கவங்க சொல்றது. கோயில் ஹால்ல! நான் கேக்கறதில்லப்பா. சமையல் ரூம்ல கப்பு கழுவுவேன், காதுல விழும், அவ்வளவுதான்.

அதுல ஒரு பஸ் டிரைவர் இருக்கான். டீல சக்கரை ரெண்டு ஸ்பூன், கூட அரை. குடி விட்டதுல இருந்து அவனுக்கு இனிப்பு தூக்கலா இருக்கணும். அவன் பொண்ணு அவன்கூடப் பேசறத நிறுத்தி ரொம்ப நாள் ஆச்சு. போன வாரம் அது போன் பண்ணுச்சாம். "சாப்டியாப்பா"ன்னு மட்டும் கேட்டுட்டு வச்சிடுச்சாம். இத அவன் சொல்றான், நான் இங்க கப்ப கீழ போட்டு உடைக்கிறேன். எனக்கு எதுக்கு அழுகை வரணும், சொல்லுங்க? அவன் யாரு, நான் யாரு? இதுக்குத்தான் சொல்றேன், இந்தக் கூட்டமெல்லாம் கோயிலுக்கு ஆகாது.

ம்? ஆமா, பூட்டணும்னு தீர்மானம் கொண்டுவந்தது யாருன்னா... நான்தான்! பின்ன? எவ்வளவு நாள் பொறுக்கறது? நடந்தத சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

எங்க கோயில்ல ஒவ்வொரு பெஞ்சுக்கும் முழங்கால் மெத்தை உண்டு. ஜெபத்துல மண்டி போடுறதுக்கு. சபையில இருக்கற பொம்பளைங்க ஆளுக்கு ஒண்ணு பூ பின்னிக் குடுப்போம், நம்ம வீட்ல யாராவது போயிட்டா அவங்க ஞாபகமா. எங்க வீட்டுக்காரர் இறந்துபோன வருஷத்துல நான் ஒண்ணு பின்னினேன். நீலத்துல வெள்ளைப் பூ. அவருக்குப் பூன்னா சுத்தமாப் பிடிக்காது, இருந்தாலும் பின்னினேன். கண்ணு போச்சு, கழுத்து போச்சு. அத ஹாலுக்குத் தூக்கிட்டுப் போயி, ஒரு கைக்குழந்தைக்காரி, தன் பிள்ளைய அது மேல உக்கார வச்சிருக்கா. அது... என்ன பண்ணும் பிள்ளை? நனைச்சிருச்சு. எங்க வீட்டுக்காரர் மேலயே போன மாதிரி இருந்துச்சு எனக்கு! அந்தப் பொண்ணு அழுதுட்டா, துவைச்சுக் குடுத்தா, மன்னிப்புக் கேட்டா. எல்லாம் சரிதான். ஆனா எனக்கு ஆறல.

கமிட்டியில எழுந்து நின்னேன். பேசிக்கிட்டே அழுதுட்டேன். புதுப் போதகர் சின்ன வயசு, "அம்மா, ஞாயித்துக்கிழமை மட்டும் திறந்தா அது கோயிலாம்மா?"ன்னாரு. யாரு கேட்டா? எல்லாரும் என் கண்ணீரத்தான் பாத்தாங்க. கை தூக்கிட்டாங்க. இனி ஞாயிறு ஆராதனை, கல்யாணம், சாவு. அதுக்கு மட்டும்தான் கதவு. எப்படி!

ஆமா ஆமா, ரெண்டே சாவிதான். போதகருக்கு ஒண்ணு, செயலாளருக்கு ஒண்ணு. அதுவும் என் யோசனைதான். இந்தப் போதகர நம்ப முடியாது தம்பி, இளகின மனசு. அந்த டிரைவர் கேட்டா சாவியக் கைல குடுத்துட்டு, "போறப்போ பூட்டிட்டுப் போங்க"ம்பாரு. அதனாலதான், "மூணாவது சாவி யாருக்கும் கிடையாது"ன்னு தீர்மானத்துலயே சேக்கச் சொன்னேன். கெட்டியான வேலை செஞ்சா முழுசா செய்யணும்.

முடிஞ்சுதா? சாத்திப் பாக்கணுமா? இருங்க, நானும் வெளிய வர்றேன்... ஹா, "டக்"குன்னு பூட்டிக்கிச்சே! சாத்தினா தானாவே விழுந்துடுமா? அடேங்கப்பா, நல்ல பூட்டுதான்.

சரி, குடுங்க என் சாவிய.

என்னது?

தம்பி, "யாருக்கும் கிடையாது"ன்னா மத்தவங்களுக்கு! எனக்குமா? நான் பூ வைக்கணும், தூசி தட்டணும், அந்த டிரைவருக்கு... அதாவது, கப்பெல்லாம் உள்ள இருக்கு. நகல் எடுக்க முடியாதா? இந்த மாதிரிச் சாவிக்குக் கமிட்டி கையெழுத்து வேணுமா? எவன் வச்ச சட்டம் அது... சரி சரி, தெரியுது, அப்படிப் பாக்காதீங்க. இருங்க, செயலாளருக்கே போன் போடுறேன்.

ஹலோ... ஆமா, நான்தான். வேலை முடிஞ்சுது. எனக்கு ஒரு சாவி... இல்ல, நான் சொன்னதுதான், ஆனா... ஆமா, நான்தான் சொன்னேன்... ஐயோ, என் வார்த்தைய நீங்க மாத்தினா நான் கோச்சுக்க மாட்டேங்க! ...அடுத்த கமிட்டியிலயா? ...சரி... ம்... சரி.

வச்சிட்டாரு. சாவி ரெண்டையும் உங்களையே நேராக் கொண்டுவரச் சொல்லிட்டாரு. கடைசியா என்ன சொன்னாரு தெரியுமா? "இனிமே நீங்க வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுங்கம்மா"ங்குறாரு. ரெஸ்ட்! அந்த வீட்ல ரெஸ்ட்டத் தவிர வேற என்ன தம்பி இருக்கு? பையன் எங்கயோ தூரத்துல இருக்கான். நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். பிரிட்ஜ் ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன். அது நின்னுடுச்சுன்னா எனக்கு பயமா இருக்கும். இங்க வந்தா இவங்களத் திட்டிக்கிட்டாவது இருப்பேன். நாளைக்குக் காலைல எழுந்து, நான் யாரத் தம்பி திட்டுவேன்?

ஐயையோ... வந்துட்டாங்க பாருங்க. முன்னால வர்றான்ல, அவன்தான் டிரைவர். நீங்க பேசாம இருங்க, நான் பாத்துக்கறேன்.

வாப்பா. ஆமா, பூட்டிட்டாங்க. இன்னிலேருந்து வார நாள்ல கிடையாதாம். யாரா? யாரோ... கமிட்டி. எவங்களுக்குத்தான் இப்படி மனசு வந்துச்சோ! ...தம்பி, சிரிக்காதீங்க, பெட்டிய மூடுங்க.

நில்லு டிரைவரு, எங்க பாக்கற? ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன பார்வை? பிராந்திக் கடை தொறந்திருக்கு, தெரியுது. இந்தத் தெருவுல இப்ப அது ஒண்ணுதான் தொறந்திருக்கு, எனக்கும் கண்ணு இருக்கு. "பரவால்லம்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்"னா என்ன அர்த்தம்? அடுத்த வாரம் வரைக்கும் எங்க போய் நிப்ப? பொண்ணு திரும்பவும் போன் பண்ணி "சாப்டியாப்பா"ன்னு கேட்டா, எந்த வாயால பதில் சொல்லுவ?

பூட்டச் சொன்னது நான்தான்ப்பா. போதுமா? கேட்டுட்டீங்கல்ல எல்லாரும்? கோவப்படுறத நடந்துக்கிட்டே படுங்க, வாங்க. எங்கயா? என் வீட்டுக்குத்தான். ரெண்டாவது சந்து. நாற்காலி போதாது, கீழதான் உக்காரணும். இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் சொல்லிட்டேன், பழக்கமாக்கிடாதீங்க. செருப்ப வெளிய விடணும். எங்க வீட்டுக்காரர் போட்டோவ யாரும் தொடக் கூடாது.

தம்பி, நீங்களும் ஒரு வாய் டீ... அதுக்குள்ள வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரா? சரி, போகட்டும், பாவம்.

யாருப்பா உங்கள்ல நல்லா உயரம்? நீயா? நீ முன்னால வா. ஒரு டம்ளர்தான் கீழ வச்சிருக்கேன். மத்ததெல்லாம் பரண் மேல கெடக்கு, நீதான் ஏறி எடுக்கணும்.