மூன்றாம் முறை வாசித்தால் தப்பில்லை

"பாட்டு முடிஞ்சிருச்சு, ஆளுங்க இன்னும் வரிசையில நிக்கிறாங்க. அங்கிள் ஏன் சும்மா உட்கார்ந்திருக்காரு?"

கேட்டது ராகினி, ஆறு வயதுக் குழந்தை. தன் அம்மாவிடம்தான் கேட்டாள். ஆனால் நற்கருணை நேரத்து அமைதியில் அது கோயில் முழுக்கக் கேட்டது.

குழந்தைமேல் பிழை இல்லை, போலீஸ் சார்ஜன் ஐயா. நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருக்கும் எங்கள் சின்னக் கோயிலில் கீபோர்ட் வாசிப்பவன் நான். புத்தகத்தில் உள்ளதை வாசிப்பேன். பாட்டு முடிந்தால் நானும் முடிந்தேன். நற்கருணை வாங்கும் வரிசை பாட்டைவிட நீண்டுபோனால், மிச்ச நேரத்தை மனதில் தோன்றுவதை வாசித்து நிரப்பவேண்டும். எனக்கு எதுவும் தோன்றியதில்லை. அந்த நேரத்தில் ஜனங்கள் இருமுவார்கள்.

ஆகவே பாச்சாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் ஃபிரெடி நடத்தும் வகுப்பில் சேர்ந்தேன். நோட்டைப் பார்க்காமல் தோன்றியபடி வாசிக்க, ஒன்றும் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. ஃபிரெடி தங்கமான பையன். மற்றவர்கள் போன பிறகும் எனக்காக இருந்து சொல்லிக்கொடுப்பான்.

"தப்பான கட்டையில விரல் பட்டா மூஞ்சிய சுளிக்காதீங்கலா, அங்கிள். நிறுத்தவும் கூடாது. அதையே இன்னொரு தடவ அடிங்க. மூணாவது தடவ அடிச்சா, அதுதான் பாட்டுன்னு ஜனங்க நெனைச்சுக்கும்."

இதைவிட இரக்கமான போதனையை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. தப்பு செய்தவனை அது தனியே நிற்க விடுவதில்லை.

நான் கற்றதை வகுப்போடு விட்டுவிடுகிறவன் அல்ல. பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் மோனிக்கா ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது தேநீரில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். அவர் முகம் கோணியது. அடுத்த வாரமும் உப்பே போட்டேன். மூன்றாவது வாரம், "இன்னைக்கி உப்பு கம்மி, அண்ணே" என்றார். புதிதாக வந்த ஃபாதர் ஜேம்ஸை வாய் தவறி ஃபாதர் லூயிஸ் என்று கூப்பிட்டேன். மூன்றாம் ஞாயிறு அவர் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க" என்றார். சின்னச் சின்ன அன்பால் உலகத்தில் எதையும் நேராக்கிவிடலாம் என்று அன்று நம்பினேன். இன்றும் அந்த நம்பிக்கை போகவில்லை.

கோயில் திருவிழா நெருங்கியது. மோனிக்கா வந்தார்.

"அல்போன்ஸ் அண்ணே, திருநாள் பூசைக்கு உங்க வாத்தியாரையே கேட்டிருக்கேன். ஃபிரெடி வர்றேன்னுட்டாரு. நீங்க ஒரு தடவயாச்சும் ஜனங்களோட ஜனமா உட்காருங்கண்ணே. பாவம், எப்பப் பார்த்தாலும் எங்களுக்கு முதுகுதான் காட்டிக்கிட்டு இருக்கீங்க."

அன்பாகத்தான் சொன்னார். உப்புத் தேநீரை முழுவதும் குடித்துவிட்டுப் போனார்.

திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, வகுப்பு கலைந்த பிறகு நானும் ஃபிரெடியும் மட்டும் இருந்தோம். அந்தப் பழைய பியானோவில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு பென்சில் விழுந்துவிட்டது. அதை எடுக்க அவன் கையை உள்ளே விட்டான். நான் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூடி விழுந்தது.

உடனே தூக்கினேன். மன்னிப்பும் கேட்டேன். ஆனால் அவன் முகத்தில் வலியைவிடப் பெரிதாக ஒரு குழப்பம் தெரிந்தது, இது கை தவறியதா இல்லையா என்று. ஒருவனை அப்படிக் குழப்பத்தில் விட்டுப்போவது பாவம். அவன் சொல்லிக்கொடுத்ததே நினைவுக்கு வந்தது. பிள்ளை கையை எடுக்காமல் விரல்களைப் பார்த்தபடி இருந்தான். அவ்வளவு நம்பிக்கை. இரண்டாம் முறை மூடினேன்.

"அங்கிள், என்ன செய்றீங்க?"

"பயப்படாதே தம்பி. இன்னும் ஒரே ஒரு தடவதான்."

என் வேனில்தான் கிளினிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவனுக்காக ஜெபமாலை சொன்னேன். மூடி தானாக விழுந்துவிட்டது என்று அவன் டாக்டரிடம் சொன்னான். ஒரு மூடி எப்படி மூன்று கோடு போடும் என்று டாக்டர் சந்தேகப்பட்டு உங்களுக்குத் தகவல் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை.

மறுநாள் திருநாள் பூசைக்கு நான் வாசித்தேன். வேறு ஆள் இல்லையே. பாட்டு முடிந்தது, வரிசை முடியவில்லை. நான் நிறுத்தவில்லை. தவறான கட்டையில் விரல் விழுந்தது, மறுபடி அடித்தேன், மறுபடியும் அடித்தேன். யாரும் இருமவில்லை. கடைசி ஆள் நற்கருணை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஃபாதர் பாத்திரங்களைத் துடைத்து வைத்தார், எழுந்தார், தொண்டையைக் கனைத்தார். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். எப்படி முடிப்பது என்ற பாடம் அடுத்த சனிக்கிழமைக்குத்தான் இருந்தது. மோனிக்கா வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

நேற்று சாயங்காலம் ஃபிரெடி வீட்டில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கஞ்சி கொண்டுபோனேன். செய்த உதவியை நாலு பேருக்குக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. கட்டுப்போட்ட கையால் அவனுக்குக் கரண்டி பிடிக்க முடியவில்லை. நானே ஊட்டினேன்.

பாதிக் கஞ்சியில் அவன் கேட்டான்: "அங்கிள், மொத தடவ கை வழுக்கிடுச்சுதானே?"

பொய் சொல்வது பாவம். அடுத்த கரண்டியை அவன் வாயில் வைத்தேன்.

வழுக்கவில்லை, ஐயா. ஆனால் கிண்ணம் காலியாகும்வரை பொறுமையாக ஊட்டிவிட்டு, வாயையும் துடைத்துவிட்டுத்தான் வந்தேன். அவனுக்கும் எனக்கும் இனி ஒரு பாக்கியும் இல்லை.