தட்டின் நடுவே ஒரு வெறும் வில்லை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஆய்வு நிலையத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, அவர் தோளில் சாய்ந்திருக்கும் மகளே, கொட்டகையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு வந்திருக்கும் பண்ணையாளர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

உள்ளே வரும்போது உங்களில் சிலர் வாசலில் தயங்கி நின்று கீழே பார்த்ததை நான் கவனித்தேன். காலை நனைத்துவிட்டு வரும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியைத் தேடினீர்கள். அது பண்ணை வாசலில்தான் இருக்கும், இரங்கல் கூட்டத்தில் இருக்காது. ஆனாலும் உங்கள் கால்கள் தேடின. அந்தப் பழக்கத்தை உங்கள் கால்களுக்குள் வைத்தவர் யார்? அவருக்காகத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

கோழிகளைத் தாக்கும் பாக்டீரியா நோய்களுக்கு மூலிகைச் சாறுகளால் சிகிச்சை தர முடியுமா என்று ஆராயும் பிரிவின் முதன்மை விஞ்ஞானி. இதுதான் அவருடைய பதவி. அறைக் கதவின் பெயர்ப்பலகையில் இதை எழுத இடம் போதவில்லை. பண்ணையாளர்கள் அதைச் சுருக்கிக் கொடுத்தார்கள்: இலை டாக்டர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் சாறு எடுப்பார். நான் கிருமி வளர்ப்பேன். ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் எங்கள் வயது போனது.

எல்லோர் மனதிலும் ஒரு கேள்வி இருக்கிறது, யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வருகிற திங்கட்கிழமை, நாங்கள் சோதனை நடத்தும் மீசை அண்ணன் பண்ணையில், அக்காவின் புதிய சோதனைக்குக் கொட்டகையில் குஞ்சு இறங்க வேண்டும். அக்கா இல்லாமல் அது நடக்குமா? அதற்கு நான் கடைசியில் வருகிறேன்.

முதலில் நன்றி சொல்லியாக வேண்டும். அக்காவுக்கு நன்றி சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அவருடைய கணவருக்குத் தெரியும். கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர், பொறுமைசாலி. நேற்று அவர் சொன்னதை இங்கே சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒருமுறை அவருக்கு ஜலதோஷம். அக்கா இலைக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சரியாகிவிட்டது. அவர் பெருமையாக உன் கஷாயத்தால்தான் எழுந்தேன் என்றிருக்கிறார். அக்கா சொன்ன பதில்: "சும்மா இருந்திருந்தாலும் சரியாகியிருக்கும். அடுத்த தடவை குடிக்காம இருந்து பாருங்க, அப்பத்தான் தெரியும்." இதை என்னிடம் சொல்லிவிட்டுக் கணவர் சிரித்தார். "ஒரு ஜலதோஷத்துக்குக்கூட நன்றி வாங்கிக்கத் தெரியாதும்மா அவளுக்கு."

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது?

எங்கள் வேலையை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்ணாடித் தட்டில் கிருமி வளர்வதற்கான கூழ் ஊற்றி, அதன்மேல் கிருமியைப் பரப்புவோம். இலையை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாற்றில் சின்னக் காகித வில்லையை நனைத்து, நன்றாகக் காயவிட்டு, அந்தத் தட்டில் வைப்போம். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாமல் தெளிவான வட்டம் விழுந்திருந்தால், சாறு வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த வட்டத்தைப் பார்ப்பதற்காகத்தான் நாங்கள் காலையில் ஓடி வருகிறோம்.

தொடக்க காலத்தில் அக்கா தயாரித்த ஒரு சாறு பிரமாதமான வட்டம் போட்டது. நிலையமே திரண்டு வந்து பார்த்தது. நம் தலைவர் பத்திரிகைக்காரர்களை அழைத்துவிட்டார். இனிப்பும் வந்துவிட்டது. அக்கா மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் வில்லைகளைச் சரியாகக் காயவைக்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் இன்னொரு தட்டு எடுத்தார். இலையே இல்லாமல், வெறும் ஆல்கஹாலில் நனைத்த வில்லையை ஈரத்தோடு வைத்தார். மறுநாள் அதே வட்டம்.

யாருக்குத் தெரிந்திருக்கும்? யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அக்கா பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று, நீங்கள் பார்க்க வந்த வட்டத்தைப் போட்டது இலை இல்லை, ஆல்கஹால், அது கிருமியைக் கொல்லும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், வந்ததற்கு இனிப்பு சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். அப்படியானால் கோழிக்கு ஆல்கஹால் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். "குடுக்கலாம். அப்புறம் பண்ணைக்குக் கோழியைப் பார்க்க யாரும் வர மாட்டாங்க, சாராயக் கடைன்னு நெனச்சு வருவாங்க," என்றார் அக்கா.

அன்றிலிருந்து எங்கள் ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு வெறும் வில்லை உட்கார்ந்தது. சாறு இல்லாத, ஆல்கஹாலில் நனைத்துக் காயவைத்த வில்லை. அதைச் சுற்றி எதுவும் நடக்கக் கூடாது. அதைச் சுற்றி எதுவும் நடக்காவிட்டால்தான் மற்ற வில்லைகளின் பேச்சை நம்பலாம்.

பெரியோர்களே, தட்டில் நேர்மையாக இருப்பது சுலபம். கொட்டகையில் நேர்மையாக இருப்பது?

மீசை அண்ணன் நான்காவது வரிசையில் இருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம் அண்ணே, மீசையே காட்டிக் கொடுத்துவிடும். ஒரு காலத்தில் அவர் பண்ணையில், எல்லாப் பண்ணைகளையும்போல, நோய் வருகிறதோ இல்லையோ, குடிதண்ணீரில் தினமும் ஆன்டிபயாடிக் கலந்தார்கள். உப்புப் போடுவதுபோல. கிருமிகள் அதைப் பழகிக்கொண்டன. பிறகு வழக்கமான எந்த மருந்தும் கேட்கவில்லை. வெறுத்துப்போய்த்தான் அவர் இலை டாக்டரிடம் வந்தார். கொட்டகையைத் தடுப்பு வைத்துப் பிரித்தோம். ஒரு பக்கத்துக்கு இலைச்சாறு கலந்த தண்ணீர். மறு பக்கத்துக்கு வெறும் தண்ணீர். அதுதான் கொட்டகையின் வெறும் வில்லை.

முதலில் இலைப் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. அக்காவின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பூரிப்பு. பிறகு ஒரு நாள் காலையில் போனபோது இரண்டு பக்கமும் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இறகைச் சிலிர்த்தபடி, கண்ணை மூடி நின்றன. தட்டில் சாறு கொன்ற அதே கிருமிதான். தட்டில் செத்தது, கோழிக்குள் சாகவில்லை.

மீசை அண்ணன் இலையைக் கைவிடவில்லை. பழைய மருந்தின் பேச்சே வேண்டாம், சாற்றைக் கூட்டிக் கொடுங்கள் என்று மன்றாடினார். நம் தலைவரோ தொலைபேசியில், இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள், இப்போது மருந்து கொடுத்தால் இவ்வளவு உழைத்த சோதனை வீணாகிவிடும் என்றார். தலைவர் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், நானும் பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா இரண்டு பேருக்கும் முடியாது என்ற ஒரே பதிலைத்தான் சொன்னார்.

மீசை அண்ணனிடம்: "இலைக்கு இன்னும் அந்தத் தெம்பு வரலைண்ணே. வந்தா நானே ஓடி வந்து சொல்றேன்."

தலைவரிடம்: "சார், கோழி நம்ம தட்டு இல்ல சார்."

எந்த மருந்துக்கு அந்தக் கிருமி இன்னும் பணிகிறது என்று சோதித்து, அதை மட்டும், அளவோடு, இரண்டு பக்கமும் கொடுத்தார். குஞ்சுகள் பிழைத்தன. சோதனை செத்தது. ஆன்டிபயாடிக்குக்கு மாற்றுத் தேடிய ஒருவர், தன் கையாலேயே அதை ஊற்றித் தன் சோதனையை முடித்து வைத்தார். ஊற்றும்போது அழுதாரா என்று கேட்காதீர்கள். முகமூடி போட்டிருந்தார்.

அத்துடன் ஓய்ந்தாரா? மறுபடி தொடங்கினார். தண்ணீர்க் குழாயைக் கழுவ வைத்தார். தரையில் பரப்பும் உமியை ஈரமில்லாமல் காக்க வைத்தார். வாசலில் தொட்டி வைத்தார். மறுபடி இலைப் பக்கம், மறுபடி வெறும் தண்ணீர்ப் பக்கம். இந்த முறை இரண்டு பக்கமும் தேறின! நாங்கள் கை தட்டப் போனோம். அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார். வெறும் தண்ணீர்ப் பக்கமும் தேறியிருக்கிறது என்றால் பாதிப் புகழ் துடைப்பத்துக்குப் போக வேண்டும் என்றார். கழித்துப் பார்த்தார். துடைப்பத்துக்கும் தொட்டிக்கும் உரியதைக் கொடுத்த பிறகு இலைக்கு மிஞ்சியது கொஞ்சம். இலைப் பக்கத்தில் கழிச்சல் கொஞ்சம் குறைவு, மருந்து தேவைப்பட்ட கோழிகள் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான். அந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளி அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

"இலைக்கு இவ்வளவுதான். ஆனா, இவ்வளவு இருக்கு."

அவர் முகத்தில் அந்தப் பழைய பூரிப்பைவிட நிதானமான ஒன்று இருந்தது. இன்று மீசை அண்ணன் பண்ணையில் தினசரி மருந்து கிடையாது. நோய் வந்தால், சோதித்த பிறகு, வேண்டிய மருந்து, வேண்டிய நாள். மற்ற நாட்களில் சுத்தமும் இலையும். அந்தச் சின்ன 'இவ்வளவு'க்காக ஒரு மனுஷி தன் வாழ்க்கையைக் கொடுத்தார். அதைப் பெரிதாக்கிச் சொல்ல ஒரு நாளும் ஒப்பவில்லை. அக்கா, அந்த ஒப்பாமைக்குத்தான் எங்கள் முதல் நன்றி. இன்று மட்டும் நீங்கள் மறுக்க முடியாது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

இன்று காலை மீசை அண்ணன் ஆய்வகத்துக்கு வந்தார். சோதனையைத் தள்ளிப் போடப் போகிறோம் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்காவின் நாற்காலியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். "கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, காய வச்சிருக்கேன். குழாயை நீங்க வந்து நக்கிப் பாத்தாலும் சரி. அந்தம்மா இல்லேன்னு விட்டுட்டா, அப்ப இத்தனை நாளும் அந்தம்மா முகத்துக்காகத்தான் செஞ்சோமா?"

அவர் போன பிறகு, இந்தச் சில நாட்களாக எடுக்க மறந்திருந்த தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அக்கா கடைசியாக வைத்த தட்டுகள். நடுவே அந்த வெறும் வில்லை. பதில் அங்கே இருந்தது.

ஒவ்வொன்றையும் பார்த்து அக்கா என்ன கேட்பார்? இது இல்லாமல் என்ன நடந்திருக்கும் என்று கேட்பார். தன் கஷாயம் இல்லாமல், தன் இலை இல்லாமல் என்ன நடக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தவர், பார்க்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். தான் இல்லாமல் என்ன நடக்கும் என்பது. அந்தச் சோதனையை அவர் எங்களிடம் விட்டுப் போயிருக்கிறார்.

தலைவர் அவர்களே, இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன். திங்கட்கிழமை குஞ்சு இறங்கலாமா?

தலையசைக்கிறீர்கள். நன்றி, சார். எல்லோரும் பார்த்தோம்.

அன்புக்குரியவர்களே, அக்காவின் பெயரால் இதை மட்டும் உறுதி கூறுகிறோம். தட்டின் நடுவில் வெறும் வில்லை இருக்கும். கொட்டகையில் வெறும் தண்ணீர்ப் பக்கம் இருக்கும். இலையால் முடியாத அன்று முடியாது என்று சொல்வோம். கோழியைத் தட்டாக நினைக்க மாட்டோம். திங்கட்கிழமை காலை, அவர் இல்லாத அந்தக் கொட்டகை வாசலில், தொட்டியில் காலை நனைத்துவிட்டு உள்ளே போவோம்.

அந்த வேலை நீங்கள் இல்லாமலும் நிலைத்து நிற்குமானால், அக்கா, அப்போது நீங்களே ஒப்புக்கொள்வீர்கள், அது நீங்கள் எங்களுக்குள் வைத்த பழக்கத்தால், உங்களால் என்று.