ரங்கராஜின் சாமான்கள்

சோறு மட்டும் சூடாக இருந்தால் எனக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம், உப்பு போதும். இன்ஸ்பெக்டர் ஐயா கேட்கிறீர்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ராமாமணி பெரியம்மாவின் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் நான். தூரத்துப் பங்காளிதான். ஆனாலும் எனக்குச் சோறு மாட்டுக் கொட்டகைக்குத்தான் வரும். வந்து சேரும்போது ஆறிப்போயிருக்கும். பெரியம்மாவுக்கு ஒரே மகன் ரங்கராஜ், பட்டாளத்தில் இருந்தான். சீனச் சண்டையில் ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. பெரியம்மா நம்பவில்லை. தை மாதம் அவனுடைய டிரங்குப் பெட்டி ரயிலில் வந்தது. வண்டி கட்டிக்கொண்டு போய் எடுத்து வந்தவன் நான்தான். கம்பளிக் குல்லாய், சவரக் கிண்ணம், இரண்டு சட்டை. அவற்றைப் பார்த்த பிறகுதான் அவர் அழுதார்.

உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் ஆள் செய்து, போனவன் உடுப்பைப் போர்த்தி எரிப்பார்கள். பேரூர் ஆற்றங்கரையில் கொள்ளி வைக்க ஒரு பங்காளி தேவைப்பட்டான். நான் வைத்தேன். மொட்டைத் தலையோடு திரும்பிய என்னைப் பெரியம்மா கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போனார்.

"இனி கொட்டகையில உக்காராதே கண்ணு. எனக்கு இனி நீதான்."

அன்று ரங்கராஜின் வட்டிலில் எனக்குச் சோறு போட்டார். ஆவி பறந்தது.

வைகாசியில் ஒரு சாயங்காலம் கிணற்றடியில் நிற்கிறேன், ரங்கராஜ் வருகிறான். சீனாக்காரன் பிடித்து வைத்திருந்து விட்டுவிட்டானாம். பனியில் கால்விரல்கள் போய்விட்டன. தடி ஊன்றி நடந்தான். தோளில் ஒரு மூட்டை.

"ஏனுங்கண்ணா, பேயைப் பாத்தாப்பல நிக்கறீங்க?"

"உனக்குக் கருமாதி பண்ணியாச்சு தம்பி."

சிரித்துவிட்டான். "அடப்பாவமே! விருந்து எப்புடீங்க?"

"வடைதான் கொஞ்சம் கருகிப்போச்சு."

"எனக்குன்னா அப்புடித்தானுங்க ஆகும்."

நல்ல பையன். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

கருமாதி முடிந்தவன் வந்த கோலத்தில் வீட்டுக்குள் நுழையக் கூடாது. முழுகி எழுந்து, புதிதாகப் பிறந்தவனாகத்தான் வாசலை மிதிக்க வேண்டும். இது நானாகக் கட்டிவிட்டதல்ல, பெரியவர்கள் வைத்தது. சொன்னதும் மூட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டே கிணற்றுப் படியில் இறங்கினான். இரண்டு முறை அவனே முழுகி எழுந்தான். மூன்றாவது முறை நான் எழ விடவில்லை. மிகவும் மெலிந்திருந்தான், அதிக நேரம் ஆகவில்லை. அழுது ஓய்ந்து, மனதைத் தேற்றிக்கொண்டுவிட்ட ஒரு தாயை மறுபடியும் குழப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மூட்டையைப் பற்றித்தான் யோசித்தேன். இறந்தவன் உடைமை குடும்பத்தைச் சேர வேண்டும். சர்க்காரே அப்படித்தானே செய்கிறது. காலையில் பெரியம்மாவிடம் கொடுத்தேன், பட்டாளத்திலிருந்து மிச்சச் சாமான் வந்திருக்கிறது என்று. ஒரு தகரக் குவளை, பெரியம்மாவுக்கென்று ஒரு சால்வை, ஒரு பொட்டலம். பொட்டலம் வரும் வழியில் கோயமுத்தூரில் வாங்கியதாக இருக்கும். பெரியம்மா அதைப் பிரித்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, சீனாவுல இருந்து வந்த ஜிலேபியில பாகு இன்னும் காயலையே?"

என் கண் தானாகக் கிணற்றுப் பக்கம் போனது. பெரியம்மா எழுந்து நேராகக் கிணற்றுக்குப் போனார். தண்ணீரில் அவன் தடி மிதந்துகொண்டிருந்தது. அதை நான் மறந்திருந்தேன். அப்புறம்தான் உங்களுக்கு ஆள் அனுப்பினார்.

அந்தப் பொட்டலத்தை எறிந்திருந்தால் தப்பித்திருப்பாயே என்று உங்கள் ஏட்டு சிரிக்கிறார். எறிய மனம் வருமா ஐயா? தாய்க்கென்று பிள்ளை வாங்கி வந்தது. ஆம், ரங்கராஜைக் கொன்றது நான்தான். ஆனால் அந்த ஜிலேபியில் ஒரு துண்டுகூட நான் வாயில் வைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தவனுக்குச் சொந்தமானது எதற்கும் நான் ஆசைப்பட்டதே கிடையாது.