நாலாம் பக்கம்

காலை பஸ் பாடி மேம்பாலத்தில் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் நகர்ந்தால்தான் அதிசயம். முன் சீட்டில் ஒரே கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் பழுப்பு அட்டை போட்ட புத்தகம்.

"நான் சொன்ன புத்தர் புக்கு மூணுல எத்தினிடி முடிச்ச?"

"மொத புக்குல நாலாம் பக்கம்க்கா. பக்கத்துக்கு ஒண்ணா, செய்யக் கூடாதது அஞ்சு போட்டுகீது. அத உட்டாத்தான் அடுத்த பக்கம் திருப்புவேன்."

"நாலாவது இன்னா?"

"பொய் சொல்றது. ரெண்டு மாசமா அங்கியேதான் கீறேன்."

இளையவளின் போன் அடித்தது. மூத்தவள் எட்டிப் பார்த்தாள்.

"சூப்பர்வைசரா? பூந்தமல்லி தாண்டிட்டேன்னு சொல்லு. இல்லாங்காட்டி கம்பெனி கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவான்."

இளையவள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"சார், இன்னும் பாடியிலதான் கீறேன். லேட்டாவும்."

போனைப் பையில் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.