பன்னெண்டு நிமிஷ நிறுத்தம்

கண்டக்டர்: மயங்கி விழுந்தது ஆம்பளையா பொம்பளையான்னு முதல்ல முடிவு பண்ணுங்கண்ணே.

டிரைவர்: பொம்பளை. வயசானவங்க. ஆம்பளைன்னா டிப்போ மேனேஜர் நம்பமாட்டாரு.

கண்டக்டர்: ஏன், ஆம்பளைக்கு வெயில் அடிக்காதா?

டிரைவர்: மெதுவா பேசு தங்கச்சி. கதவுதான் சாத்தியிருக்கு. உள்ள அவரு காது திறந்துதான் இருக்கும்.

கண்டக்டர்: சரி, பொம்பளை. எங்க விழுந்தாங்க?

டிரைவர்: நின்னுக்கிட்டு வந்தாங்க... அப்படியே...

கண்டக்டர்: அம்பது பேர் போற பஸ்ல நூத்திப்பத்து பேர். விழறதுக்கு இடம் ஏதுண்ணே? மயங்கினாலும் நின்னுக்கிட்டேதான் மயங்கணும்.

டிரைவர்: அப்ப... உக்காந்திருந்தாங்க. எனக்குப் பின்னாடி சீட்டு.

கண்டக்டர்: இது பரவாயில்ல.

டிரைவர்: நீ விசில் அடிச்சே. நான் ஓரங்கட்டினேன். மரத்தடியில.

கண்டக்டர்: அங்க மரம் ஏது? பெட்ரோல் பங்க் வாசல்ல நிறுத்தினீங்க.

டிரைவர்: பங்க்கா அது?

கண்டக்டர்: ...நீங்க பாக்கலையா?

டிரைவர்: பாத்தேன், பாத்தேன். மறந்துட்டேன்.

கண்டக்டர்: வியாழக்கிழமை மத்தியானம் பஸ் பன்னெண்டு நிமிஷம் நின்னதுன்னு கம்ப்யூட்டர்ல இருக்கு. அதுல எட்டு நிமிஷம் நீங்க ஸ்டியரிங் மேல தலையை வச்சிருந்தீங்க. அதை என்னன்னு சொல்ல?

டிரைவர்: அதை ஏன் சொல்லப் போறே?

கண்டக்டர்: நான் சொல்லலைன்னா சனம் சொல்லும். முன்னாடி நின்ன நர்ஸ் பொண்ணு தண்ணி பாட்டிலை உங்க பிடரியில கவுத்துச்சு. பின்னாடி இருந்தவங்களுக்கு எதுவும் தெரியல. வண்டியை எடுய்யா, உள்ள வெந்துக்கிட்டிருக்கோம்னு தகரத்தைத் தட்டினாங்க. புகார் எழுதினது அவங்கதான்.

டிரைவர்: வெந்தாங்களாமா... என் சீட்ல வந்து உக்காந்து பாக்கட்டும். பக்கத்துல எஞ்சின், முன்னாடி கண்ணாடி. கழுத்துல ஈரத்துண்டு போட்டா ரெண்டே ஸ்டாப்புல காஞ்சு விறைச்சுப் போகுது.

கண்டக்டர்: தண்ணியாவது குடிக்கலாம்ல.

டிரைவர்: குடிச்சா ஒதுங்கணும். ரெண்டு மணி நேரம் நகராத நெரிசல்ல எங்க ஒதுங்கறது?

கண்டக்டர்: இதை ஒரு பொம்பளை கண்டக்டருக்குச் சொல்லித் தர்றீங்களா?

டிரைவர்: ம்... அதுவும் சரிதான்.

கண்டக்டர்: வீட்ல அண்ணிகிட்ட சொன்னீங்களா?

டிரைவர்: சொன்னா அவ என்னை வாசலைத் தாண்ட விடமாட்டா. இங்க சொன்னா வண்டியை விட்டு இறக்கிடுவாங்க. இருபத்தாறு வருஷம் ஓட்டினவன்... பாஸ் கவுண்ட்டர்ல உக்காந்து சீல் குத்தணும்.

கண்டக்டர்: அங்க ஃபேன் இருக்கு.

டிரைவர்: சிரிக்காதே.

கண்டக்டர்: சிரிக்கலண்ணே... ஒண்ணு கேக்கறேன். கண்ணு இருட்டினது அன்னைக்கு மட்டும்தானா?

டிரைவர்: அன்னைக்கு மட்டும்தான்.

கண்டக்டர்: நிச்சயமா?

டிரைவர்: வக்கீல் மாதிரி கேக்காதே. மேனேஜர் உன் பேச்சைத்தான் நம்புவாரு. அந்த அம்மா மயங்கினதை நீ சொல்லு, நான் தலையாட்டறேன்.

கண்டக்டர்: முடியாதுண்ணே.

டிரைவர்: என்ன முடியாது? இவ்வளவு நேரம் சீட்டு, பங்க்குன்னு நீதானே திருத்திக் கொடுத்தே?

கண்டக்டர்: திருத்தலண்ணே. இந்தப் பொய் எந்தப் பக்கம் போனாலும் இடிக்குதுன்னு உங்களுக்கே தெரியட்டும்னுதான்... நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துட்டேன். அன்னைக்கு சாயந்திரமே.

டிரைவர்: ...எழுதிக் கொடுத்துட்டியா.

கண்டக்டர்: உள்ள இப்ப விசாரணை இல்ல. டாக்டர் உக்காந்திருக்காரு. நாலு வருஷமா உங்க வண்டியில டிக்கெட் கிழிக்கறேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எழுதினது தப்புதான். திட்டுங்கண்ணே.

டிரைவர்: திட்டி என்ன ஆகப்போகுது... போன செவ்வாய்க்கிழமை, பெரிய பாலம். வண்டி பிதுங்கி, நீ பின்படியில மாட்டிக்கிட்டு நின்னே.

கண்டக்டர்: ஆமா.

டிரைவர்: அப்பவும் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. நிறுத்த இடமில்ல. பாலம் இறங்கற வரைக்கும் எதிர்ல என்ன வருதுன்னு தெரியாமத்தான் ஓட்டினேன். அது உன் பேப்பர்ல இருக்காது... நானே சொல்லிடறேன். கதவைத் தட்டு.